சைக்கிளுக்கு என்ஜின் கிட்: மைலேஜுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று, பயிரைப் பற்றியவை அல்ல. சைக்கிளில் என்ஜின் மாட்டுவதைப் பற்றியவை. பெட்ரோல் விலையும் புது வண்டியின் விலையும் ஏறியிருக்கும் நேரத்தில் இந்தக் கேள்வி வருவதில் ஆச்சரியமில்லை. பால் ஊற்றவும், தட்டு கொண்டுவரவும், சந்தைக்குப் போகவும் தினமும் ஆகிற செலவு விவசாயக் கணக்கில் சேர்ந்ததுதான். அதனால் மூன்றுக்கும் இந்த இதழிலேயே பதில் எழுதுகிறேன். பூச்சி, நோய் பற்றிய கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் வரும்.

கேள்வி 1: ஐயா, வணக்கம். காரிமங்கலம் பக்கத்துக் கிராமம். இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் 3 கிலோமீட்டர் தள்ளியுள்ள சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகிறேன். போக வர தினமும் 12 கிலோமீட்டர். வழியில் ஏரிக்கரை மேடு ஒன்று உண்டு. கொஞ்ச தூரம் நெடுஞ்சாலையின் பக்கச் சாலை. வாரம் ஒருமுறை தீவன மூட்டையும் ஏற்றுவேன். பழைய கம்பி பிரேக் சைக்கிள் இருக்கிறது. அதில் 80 சி.சி. என்ஜின் கிட் மாட்டினால் லிட்டருக்கு 70 கிலோமீட்டர் தரும் என்கிறார்கள். 16 வயதுப் பையனும் ஓட்டுவான். எந்த கிட் வாங்கினால் பெட்ரோல் மிச்சமாகும்?

பதில்: உங்கள் கடிதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. சுமை, மேடு, நெடுஞ்சாலை, பழைய பிரேக், 16 வயதுப் பையன் என்று ஐந்து விஷயங்களைச் சொல்லிவிட்டு மைலேஜைக் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஐந்தையும் முதலில் பார்ப்போம். எந்த வண்டி ஏற்றது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

25 சி.சி. என்னும் கோடு

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 2(28), எது மோட்டார் வாகனம் என்று சொல்கிறது. நான்கு சக்கரத்துக்குக் குறைவாக இருந்து, என்ஜின் 25 சி.சி.க்கு மேற்படாமல் இருந்தால் அது மோட்டார் வாகனம் ஆகாது. 25-ஐத் தாண்டினால் மொபெட்டைப் போல அதற்கும் பதிவு, ஓட்டுநர் உரிமம், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும்.

உங்களிடம் 80 சி.சி. என்று சொன்ன கிட்டைப் பிரித்து அளந்தால் பெரும்பாலும் 66 சி.சி.தான் இருக்கும். பிஸ்டனின் விட்டம் 47 மி.மீ., அது ஏறி இறங்கும் தூரம் 38 மி.மீ. அந்தக் கணக்குப்படி 66 சி.சி.தான் வரும். 66 ஆனாலும் 80 ஆனாலும் கோட்டைத் தாண்டியதுதான். வீட்டில் மாட்டியதைத் தருமபுரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ப் பதிந்துகொள்ளலாமா என்றால் முடியாது. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனத்தின் சான்று பெற்ற மாடலைத்தான் பதிவார்கள்.

பதிவு இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் இல்லை. போலீஸ் பிடித்தால் கட்டுகிற அபராதத்தோடு போய்விட்டால் பரவாயில்லை. வழியில் ஒருவர்மீது மோதி அவருக்குக் கால் முறிந்தால், நீதிமன்றம் சொல்லும் இழப்பீட்டை நீங்களே கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். இன்சூரன்ஸ் உள்ள வண்டி என்றால் அதைக் கம்பெனி கட்டும். இல்லாதபோது அது மாட்டையும் நிலத்தையும் விற்கிற இடத்தில் கொண்டுபோய் விடும்.

பையன் விஷயம் இதைவிட முக்கியம். 16 வயதில் உரிமம் எடுத்து ஓட்டக்கூடியது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டி மட்டும். 66 சி.சி. சைக்கிளும் கூடாது, 100 சி.சி. மொபெட்டும் கூடாது. 2019-இல் வந்த திருத்தப்படி (பிரிவு 199ஏ) சிறுவர் மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டிச் சொந்தக்காரரோ பொறுப்பு. 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்க இடம் உண்டு. 18 முடியும்வரை பையன் மிதிக்கிற சைக்கிளோடு நிற்கட்டும்.

மைலேஜ் எங்கே போகிறது?

லிட்டருக்கு 70 என்று சொல்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. சமதரையில், ஒல்லியான ஆள், சுமை இல்லாமல், 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் நல்ல மைலேஜ் வரத்தான் செய்யும். உங்கள் வழியும் சுமையும் அப்படி இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். ஆள், சைக்கிள், என்ஜின், பால் கேன் எல்லாம் சேர்த்து 120 கிலோ என்று வையுங்கள். சமதரையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போக, சக்கரத்துக்குச் சுமார் 200 வாட் சக்தி போதும். அதே சைக்கிளை 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் சுமார் 600 வாட் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது, தேவைப்படும் சக்தி மூன்று மடங்கு ஆகிறது. காற்றுத் தடைதான் காரணம். ஒரு கிலோமீட்டருக்கு என்று பிரித்துப் பார்த்தாலும் சக்கரத்துக்குத் தேவைப்படும் ஆற்றல் கிட்டத்தட்ட இரு மடங்கு.

மேடும் இதே வேலையைச் செய்யும். நூறு அடிக்கு ஐந்து அடி ஏறுகிற ஏரிக்கரை மேட்டில் 25 கிலோமீட்டர் வேகத்தை விடாமல் பிடித்தாலும் அதே 600 வாட் வேண்டும். டயரில் காற்றுக் குறைந்தால், செயின் காய்ந்து கிடந்தால், பிரேக் கட்டை ரிம்மில் உரசிக்கொண்டே இருந்தால் அதற்கும் பெட்ரோல் போகும். ஆக, ஒரே கிட் ஒருவருக்கு 70-உம் இன்னொருவருக்கு 45-உம் தருவது சகஜம்.

டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

மலிவாகக் கிடைக்கும் கிட் எல்லாம் டூ ஸ்ட்ரோக். அதில் எரிந்த புகையை வெளியே தள்ளுவதே உள்ளே வரும் புதுப் பெட்ரோல் கலவைதான். தள்ளுகிற வேகத்தில் அதில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாகப் போய்விடும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் உள்ளே வர ஒரு வால்வு, வெளியே போக ஒரு வால்வு என்று தனித்தனியே இருப்பதால் இந்த இழப்பு மிகக் குறைவு. ஒரே சுமை, ஒரே வழி என்றால் ஃபோர் ஸ்ட்ரோக்தான் பெட்ரோல் மிச்சம்.

டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் செலவும் உண்டு. அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறோம். மாதம் 360 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால்:

லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 7.2 லிட்டர், 720 ரூபாய்.

லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 6 லிட்டர், 600 ரூபாய்.

பத்து கிலோமீட்டர் மைலேஜ் வித்தியாசத்துக்கு மாதம் 120 ரூபாய் மிச்சம். டூ ஸ்ட்ரோக் கிட்டில் 25 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் கலந்தால், 7.2 லிட்டருக்கு 288 மில்லி ஆயில். லிட்டர் 400 ரூபாய் என்று வைத்தால் 115 ரூபாய். மைலேஜில் மிச்சம் பிடிக்கும் பணம் ஆயிலுக்குப் போய்விடுகிறது. ஆயிலைக் குறைத்துக் கலந்தால் பிஸ்டன் இறுகிவிடும். அந்தச் செலவு ஒரு வருஷ மிச்சத்தை விழுங்கும்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓட்டாமல் வாரக்கணக்கில் டேங்கில் விட்டால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கி, கார்புரேட்டரைக் கெடுக்கும். சின்ன என்ஜின் எதுவானாலும் தேவைக்கு மட்டும் வாங்கி ஊற்றுங்கள். நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்றால் டேங்கைக் காலி செய்துவிட்டு, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

பிரேக்கும் ரிம்மும்

பழைய கம்பி பிரேக் சைக்கிள் மிதிக்கிற வேகத்துக்குச் செய்தது, அதாவது மணிக்கு 15 கிலோமீட்டர். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் 15 கிலோமீட்டரில் இருப்பதைப் போல ஏழு மடங்கு. மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை வழுக்கும் என்பது உங்களுக்கே தெரியும். பின்னால் 20 லிட்டர் பால் கேனும் இருந்தால் முன்சக்கரம் லேசாகிவிடும்.

அடுத்தது, மலிவான கிட்டில் பெரிய பல்சக்கரத்தைப் பின்சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளோடு சேர்த்து போல்ட் போட்டு இறுக்குவார்கள். என்ஜின் இழுக்கும் விசை முழுவதும் கம்பிகளின்மீது விழும். சுமையோடு மேடு ஏறினால் கம்பிகள் ஒவ்வொன்றாக அறும், சக்கரம் கோணலாகும். செயின் கழன்று சக்கரத்தில் சிக்கினால் சைக்கிள் அப்படியே நின்றுவிடும், ஆள் முன்னால் விழுவார். பக்கச் சாலை முடிந்து தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஏறுகிற இடத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

உங்களுக்கு எது சரி?

சைக்கிளில் என்ஜின் மாட்டுவது நல்ல யோசனைதான், புதிதும் அல்ல. உலகப் போர் முடிந்த 1946-இல் ஜப்பானின் ஹமாமட்சுவில் சோய்ச்சிரோ ஹோண்டா, ராணுவம் கைவிட்ட சிறிய ஜெனரேட்டர் என்ஜின்களைச் சைக்கிளில் மாட்டி விற்றார். ஹோண்டா கம்பெனியின் தொடக்கம் அதுதான். நம் பக்கத்தில் 1980-இல் ஓசூரில் டி.வி.எஸ். 50 வந்தபோது அதிலும் மிதிப்பதற்குப் பெடல் இருந்தது. ஓசூர் அப்போது நம் தருமபுரி மாவட்டம். ஆனால் அந்த வண்டியைச் செய்தவர்கள் என்ஜினுக்கு ஏற்றபடி சட்டம், சக்கரம், பிரேக் எல்லாவற்றையும் புதிதாகச் செய்தார்கள். கிட் வாங்கி மாட்டும்போது அந்த வேலை நடப்பதில்லை, என்ஜின் மட்டும்தான் வருகிறது.

தீவன மூட்டையும் மேடும் இருப்பதால் உங்களுக்கு ஏற்றது மொபெட்தான். 2015-இல் வந்த எக்ஸ்.எல். 100 ஃபோர் ஸ்ட்ரோக், 99.7 சி.சி.; ஆயில் கலக்க வேண்டாம். புது வண்டிக்குப் பணம் போதாது என்றால் பழையது பாருங்கள். வாங்கும்போது:

- ஆர்.சி.யில் உள்ள எண்ணும் என்ஜின், சேசிஸில் வெட்டியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கையோடு உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.
- 15 ஆண்டு முடிந்த வண்டி என்றால் பதிவைப் புதுப்பிக்கும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.
- என்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி தொடர்ந்து நீலப் புகை விட்டால் உள்ளே ஆயில் எரிகிறது என்று அர்த்தம்.
- இரண்டு பிரேக்கும் தனித்தனியே பிடிக்கிறதா, முன் ஃபோர்க் ஆடுகிறதா என்று ஓட்டிப் பாருங்கள்.
- உங்களுக்கு உரிமம் இல்லை என்றால், வண்டிக்கு முன் அதை எடுங்கள்.

மைலேஜை நீங்களே அளக்கலாம். டேங்கை வாய்வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, ஒரு வாரம் வழக்கம்போல் பால் ஊற்றிவிட்டு வந்து, அதே பங்கில் மறுபடி வாய்வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை நிரம்பிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ். விளம்பரத்தில் உள்ளதைவிட அதை நம்புங்கள்.

கேள்வி 2: மானியத்தில் வாங்கிய களைவெட்டும் கருவி சும்மா கிடக்கிறது. அதன் என்ஜினைக் கழற்றிச் சைக்கிளில் மாட்டலாமா? சின்ன என்ஜின், ஃபோர் ஸ்ட்ரோக்.

பதில்: கருவியின்மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் சி.சி. எவ்வளவு என்று பாருங்கள். நம் பக்கம் அதிகம் ஓடுவது 35.8 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக், இல்லையென்றால் 43, 52 சி.சி. டூ ஸ்ட்ரோக். எல்லாம் 25-க்கு மேல். சாலையில் ஓட்டினால் முன்சொன்ன சிக்கல் அத்தனையும் வரும். 25 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினும் கடையில் உண்டு. அது கோட்டுக்குள் வரும். 26 என்று போட்டிருந்தால் வராது.

இன்னொரு இடைஞ்சல் சுற்று. இந்த என்ஜின்கள் நிமிடத்துக்கு 6,500 முதல் 7,000 சுற்று ஓடி வேலை செய்வதற்காகச் செய்தவை. பெரிய சைக்கிள் சக்கரம் 25 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 190 சுற்றுதான் சுற்றும். ஆக 35-க்கு 1 என்று சுற்றைக் குறைக்க வேண்டும். ஒரு செயின், இரண்டு பல்சக்கரத்தில் இது ஆகாது. நடுவில் கியர் பெட்டி வேண்டும். சிலர் என்ஜின் தண்டில் சின்ன உருளை மாட்டி டயரின்மேல் அழுத்தி ஓட்டுகிறார்கள். ஒன்றரை இஞ்ச் உருளை 6,500 சுற்றில் ஓடினால் சைக்கிள் 45 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும், மேட்டிலோ இழுக்காது. மழை பெய்தால் வழுக்கும், டயரையும் தின்னும்.

மானியத்தில் வாங்கிய கருவி எந்த வேலைக்குக் கொடுக்கப்பட்டதோ அந்த வேலைக்குத்தான் இருக்க வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையினர் ஆய்வுக்கு வந்தால் முழுக் கருவியைக் காட்டியாக வேண்டும். கழற்றாதீர்கள். சும்மா கிடக்கிறது என்றால் அக்கம்பக்கத்து நிலத்தில் களை வெட்ட ஆளோடு போய் வாருங்கள். மாந்தோப்பிலும் தென்னையிலும் வருஷத்தில் பல மாதம் வேலை இருக்கிறது. சைக்கிளில் மிச்சம் பிடிப்பதைவிட அதில் அதிகம் சம்பாதிக்கலாம்.

கேள்வி 3: சைக்கிளுக்கு மின்சார மோட்டார் கிட் வாங்க நினைக்கிறேன். எனக்கு வயது 61. தோட்டத்துக்கும் செவ்வாய்ச் சந்தைக்கும் போய்வரத்தான். கிணற்று மோட்டார் கரண்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கூடாது. விவசாயத்துக்குத் தரும் இலவச மின்சாரம் பாசனத்துக்கும் அதைச் சார்ந்த வேலைக்கும் மட்டும். வேறு வேலைக்கு எடுத்தால் மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-இன் கீழ் அனுமதியில்லாத பயன்பாடு என்று எழுதி அபராதம் போடுவார்கள். இணைப்புக்கே சிக்கல் வந்தால் பயிர் காயும். வீட்டு இணைப்பில் சார்ஜ் போடுங்கள், அதற்கு ஆகிற கரண்டும் மிகக் குறைவு.

உங்கள் தேவைக்கு மின்சார கிட் பொருத்தமானது. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்து, சோதனை நிறுவனத்தின் சான்றும் இருந்தால் விதிப்படி அது மோட்டார் வாகனம் ஆகாது. கடையில் அந்தச் சான்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். 500 வாட், 1,000 வாட் என்று ஆசை காட்டினால் வாங்காதீர்கள்.

36 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் 360 வாட் ஹவர் இருக்கும். கூடவே மிதித்துக்கொண்டு போனால் கிலோமீட்டருக்குச் சுமார் 15 வாட் ஹவர் போதும். 20 கிலோமீட்டருக்குக் குறையாமல் போகலாம். தினமும் 12 கிலோமீட்டர் என்றால் சார்ஜரில் ஆகும் இழப்பையும் சேர்த்து மாதத்துக்கு 7 யூனிட் வரும். யூனிட் 5 ரூபாய் என்றாலும் 35 ரூபாய்தான். ஆனால் பேட்டரியும் தேயும். 10,000 ரூபாய் பேட்டரி மூன்று வருஷம் உழைத்தால் மாதம் 278 ரூபாய். இரண்டும் சேர்த்து 313 ரூபாய். இதை விட்டுவிட்டுக் கரண்டு செலவை மட்டும் சொல்பவரிடம் கவனமாக இருங்கள்.

வாங்கும்போது:

- பேட்டரி லித்தியமா, லெட் ஆசிட்டா என்று கேளுங்கள். லெட் ஆசிட் மலிவு, ஆனால் எடை மூன்று நான்கு மடங்கு.
- பின்சக்கர மோட்டார் நல்லது. முன்சக்கரத்தில் மாட்டினால் ஃபோர்க் உறுதியான இரும்பாக இருக்க வேண்டும். அச்சு சுழன்று கழன்று வராமல் டார்க் ஆர்ம் என்கிற இரும்புப் பட்டையைக் கட்டாயம் போடச் சொல்லுங்கள்.
- பிரேக் பிடித்தவுடன் மோட்டார் நிற்கும் சுவிட்ச் இருக்க வேண்டும்.
- கம்பி பிரேக்கை விட்டுவிட்டு, முன்னும் பின்னும் நல்ல கேபிள் பிரேக் அல்லது டிஸ்க் பிரேக் போட்டுக்கொள்ளுங்கள்.
- வைக்கோல் போர் பக்கத்திலோ, தீவனம் அடுக்கிய அறையிலோ சார்ஜ் போடாதீர்கள். கிட்டோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். இரவு முழுவதும் அப்படியே விட்டுவிட்டுத் தூங்க வேண்டாம்.

மேடு வந்தால் மிதித்துக் கொடுங்கள். 250 வாட் மோட்டாரால் 20 லிட்டர் பாலோடு ஏரிக்கரை மேட்டில் 13 கிலோமீட்டர் வேகத்துக்குமேல் ஏற முடியாது. மிதிக்காமல் தொடர்ந்து ஏற்றினால் மோட்டார் சூடாகும். 50 கிலோ மூட்டையை இதில் ஏற்றாதீர்கள். சட்டம் கேட்காவிட்டாலும் தலைக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். சந்தை முடிந்து இருட்டில் திரும்ப வேண்டியிருந்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியட்டும்.

மூவருக்கும் சேர்த்துச் சுருக்கமாக: லேசான சுமை, பக்கத்து ஊர் என்றால் 250 வாட் மின்சார சைக்கிள். மூட்டையும் மேடும் உண்டு என்றால் பதிவும் இன்சூரன்ஸும் உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் மொபெட். பெட்ரோல் கிட்தான் வேண்டும் என்றால் 25 சி.சி.க்குள், ஃபோர் ஸ்ட்ரோக், தனி கியர் பெட்டியோடு, நல்ல பிரேக் மாட்டிய சைக்கிளில் மட்டும். 66 சி.சி. கிட் எவ்வளவு மைலேஜ் தந்தாலும் வேண்டாம்.

அடுத்த கடிதத்தில் வண்டி பற்றிக் கேட்பவர்கள், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு சுமை, வழியில் மேடு உண்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதைப் பார்த்து உங்களுக்கு ஏற்ற கணக்கைப் போட்டுச் சொல்கிறேன்.